இரண்டாக வெட்டிய தார்ப்பாய்

நீலத் தார்ப்பாய் வழியாக வெயில் நுழையும்போது தண்ணீர், சோப்பு, நம் கை எல்லாமே நீலமாகத் தெரியும். சூடேறிய பிளாஸ்டிக்கின் அந்த வாசனை... எங்காவது லாரி மேல் தார்ப்பாயைப் பார்த்தால் இன்றும் மூக்கில் ஏறிவிடும்.

சத்தியவேடு பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அதுதான் எங்கள் குளியலறை.

போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் சேர்ந்த முதல் வருடம். மாடியில் இரண்டு அறை, எட்டுப் பெண்கள், முன்னால் வெறும் மொட்டை மாடி. கீழே இருந்த பாத்ரூமை ஓனர் தன் குடும்பத்துக்கென்று பூட்டி வைத்திருந்தார். எங்களுக்குக் கொடுத்தது ஒரு நீளமான தார்ப்பாயும், பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றி நிறுத்திய எட்டுக் கம்புகளும். வாடகை மட்டும் பாத்ரூம் இருக்கிற வீட்டு வாடகை.

வந்த முதல் நாளே யார் ஊர்த்தெரு, யார் காலனி என்ற விசாரணை முடிந்துவிட்டது. நேராகக் கேட்கமாட்டார்கள். உங்கள் தெரு கோயிலுக்கு எந்தப் பக்கம் என்பார்கள். பாலசமுத்திரத்திலிருந்து வந்த நானும் சுமதியும் காலனி. எங்கள் அறையில் நாலு பேருமே காலனி. எதிர் அறை நாலு பேரும் ஊர்த்தெரு. அவர்களில் நகரிக்காரி காமாட்சி சொல்வதுதான் சட்டம்.

அன்று சாயங்காலமே தார்ப்பாயைச் சரிபாதியாகக் கத்தரித்தார்கள். கம்பு நாலு நாலு. மாடியின் அந்த மூலையில் அவர்கள் தடுப்பு, இந்த மூலையில் எங்கள் தடுப்பு.

மாடித் தரையில் ஓரடிச் சதுர ஓடுகள் பதித்திருந்தார்கள். தடுப்பு ஒரு பக்கத்துக்கு நாலு ஓடு. சுற்றிலும் தார்ப்பாய், மேலே வெறும் வானம். உள்ளே தண்ணீர் டிரம், வாளி, நாம். குனிந்தால் முதுகு தார்ப்பாயில் ஒட்டும்.

கோடை தொடங்கும்போது சுமதி மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். காலில் மாவுக்கட்டு. உட்கார்ந்து செய்கிற வேலைதான், கட்டோடு வரலாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பஸ் வரைக்கும் நாங்கள் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனோம். ஆனால் அவளால் குளிக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார வேண்டும், காலை நீட்ட வேண்டும், ஒருத்தி நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு உள்ளே இடமில்லை. வெளியே குளிக்கலாம் என்றால் சுற்றிலும் அடுத்தவர் மாடிகள். வேறு கம்பு, வேறு தார்ப்பாய் மாடிக்கு வரக்கூடாது என்று ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வேலைக்கு வந்தாள். லைனில் பக்கத்தில் இருந்தவள் ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். சுமதியும் பார்த்தாள்.

அவள் நைனா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து ஊருக்குக் கூட்டிப்போகிறாராம். போனால் திரும்பி வரமாட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். மாமன் வீட்டில் கல்யாணத் தேதி குறிக்கக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. யூனிஃபார்மைத் துவைத்து மடித்து வைத்தாள், கம்பெனியில் திருப்பிக் கொடுக்க.

சனிக்கிழமை எதிர் அறைக்குப் போனேன். பாவம் பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகவில்லை. இரண்டு தடுப்பையும் ஒன்றாக்கினால் உங்களுக்கும் லாபம் என்று சொல்லத்தான் போனேன்.

"ஒண்ணா சேத்தா எடம் இன்னா வானத்துலர்ந்து வருமா?" என்றாள் காமாட்சி. "ரெண்டும் சேந்தா ரெண்டு பங்கு. அதுல எட்டு பேரு. அப்புறம் இன்னா லாபம்? எங்கம்மாக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்."

எங்கள் அறை தேவியும் சும்மா இல்லை. வெட்டினவங்களே தெச்சிக்கட்டும் என்று வாசலில் நின்று முணுமுணுத்தாள்.

ஒரு தடவை கட்டிப் பார்ப்போம், லாபமில்லை என்றால் நானே பிரித்துத் தருகிறேன் என்றேன். கம்புகளை உருட்டிக்கொண்டு போனேன். நாலு மூலைக்கு நாலு, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒன்று. இரண்டு துண்டையும் பிளாஸ்டிக் கயிற்றால் சேர்த்துத் தைத்து இழுத்துக் கட்டினோம். கம்பும் மிஞ்சவில்லை, தார்ப்பாயும் பத்தாமல் போகவில்லை. பக்கத்துக்கு எட்டு ஓடு.

காமாட்சி உள்ளே போய்க் காலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பழைய தடுப்பில் பதினாறு ஓடு. இரண்டும் சேர்ந்தால் முப்பத்திரண்டு வர வேண்டும். அறுபத்து நாலு வந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினாள்.

"மீதி எங்கடி இருந்துச்சி இத்தினி நாளு?"

"நாம வெட்டினப்ப போச்சு" என்றேன்.

பத்தாவதில் எனக்குத் தெலுங்கு மீடியம். சுற்றளவுக்குச் சுட்டுகொலத்த, பரப்பளவுக்கு வைசால்யம் என்று மனப்பாடம் செய்து எழுதிய கணக்கு. பக்கம் இரண்டு மடங்கானால் சுற்றளவு இரண்டு மடங்கு, உள்ளே இருக்கும் இடம் நாலு மடங்கு. தார்ப்பாயைப் பாதியாக்கினால் இடமும் பாதியாகும் என்று நினைத்தோம். அறைக்குக் கால் பங்குதான் கிடைத்தது. மீதிப் பாதி அவர்களுக்கும் போகவில்லை, எங்களுக்கும் வரவில்லை... சும்மா வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

காமாட்சி தங்கள் டிரம்மைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் டிரம்மின் பக்கத்தில் வைத்தாள்.

ஞாயிறு காலை சுமதி நாற்காலியில் உட்கார்ந்து, கட்டின் மேல் பிளாஸ்டிக் கவர் சுற்றி, காலைத் தாராளமாக நீட்டிக் குளித்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். சீயக்காய் தேய்த்தது காமாட்சி.

நைனா வந்தபோது அவள் வெயிலில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். "நான் வரல நைனா. நாளைக்கி ஷிஃப்ட் கீது" என்றாள். அவர் கோபித்துக்கொண்டு, கொஞ்சநேரம் கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டு பஸ் ஏறினார்.

இன்று நானும் சுமதியும் திருப்பதியில் வேலை செய்கிறோம். டைல்ஸ் ஒட்டிய பாத்ரூம், உள்ளே தாழ்ப்பாள். அந்த மாடிக்குத் திரும்பிப் போக எனக்குத் துளியும் ஆசை இல்லை. ஆனாலும் தண்ணீர் ஊற்ற ஒரு கை, பின்னால் நாலு பேர் சிரிக்கும் சத்தம்... அது இல்லாமல் குளியல் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஊருக்குப் போனால் இன்னும் தண்ணீர்த் தொட்டி தனி, சுடுகாடு தனி. இதெல்லாம் அப்படியே இருந்துவிடும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அந்த மாடியில் எட்டுக் கம்புகளை நகர்த்த எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.