அம்மா செய்த நான்கு கதவுப் பலகைகள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அம்மா தைத்துக் கொடுத்த ஒரு துணியையாவது உடுத்தியிருப்பீர்கள். அளவு சரியில்லை என்று யாரும் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. வந்திருந்தால், "துணி செரியாத்தான் இருக்கு, நீதான் தடிச்சு போயிட்ட" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அம்மா கர்த்தரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. அழுதுகொண்டே எழுதினால் அவர்களுக்குப் பிடிக்காது. ஆகவே அவர்கள் ஜெயித்த கதையை எழுதுகிறேன்.

திற்பரப்புக்கு அருகில், ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் மூத்த மகளாக அம்மா பிறந்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, தையல் பழகினார்கள். கருங்கல் ஊரில் வாடகைக் கார் ஓட்டிய அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். நான் பத்தாம் வகுப்பிலும் தம்பி ஏழாம் வகுப்பிலும் இருந்தபோது அப்பா திடீரென்று இறந்துபோனார்கள். மிஞ்சியது ஒரு தையல் மிஷினும் அப்பாவின் அம்பாசிடரும். மிஷின் எங்களைப் படிக்க வைத்தது. காரை அம்மா யார் கேட்டும் கொடுக்கவில்லை. பிறகு நான் ஓட்டப் பழகி, ஞாயிறுதோறும் அதில்தான் அம்மாவை ஆலயத்துக்கு அழைத்துப் போனேன்.

வயதான வண்டி. கண்ணாடி இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கி, உள்பக்கத்துப் பலகைகள் நான்கும் ஊறி உப்பிப் பிளந்துவிட்டன. புதிய பலகை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. குஷன் வேலை செய்பவர் ஒருவர், "செஞ்சு போட்டாலும் ஒரு மழைக்குத் தாங்காது" என்று கையை விரித்துவிட்டார். துபாயில் இருந்த தம்பி போனில் சொன்னான்: "அத பழைய இரும்பு எடுக்குற ஆக்கர் கடைக்குப் போடுங்கம்மா. அடுத்த மாசம் லீவுல வரும்போ நானே ஏத்தி விடுதேன்."

"ஒனக்க அப்பாக்க வண்டியாக்கும் அது," என்றார்கள் அம்மா. "நீ வரும்போ கதவு செரியா இருந்தா விக்கப்பிடாது, கேட்டியா?"

"செரியா இல்லன்னா?"

"நீ சொல்லுதபடி."

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. பழைய பலகைகளைக் கழற்றி, காக்கித்தாளில் வரைந்து, மெல்லிய ஹார்ட்போர்டில் அறுத்தார்கள். அரக்கு நிற ரெக்சினில் வரி வரியாகத் தையல் ஓட்டி, நடுவில் பஞ்சு வைத்து ஒட்டினார்கள். பார்க்க அவ்வளவு அழகு! அதை மாட்டிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு மெக்கானிக் அண்ணன் வலது கதவில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, நாலும் இடதுல்லா செஞ்சு வச்சிருக்கிய. வலதுக்கு வேற வண்டி வாங்கணுமே!"

உண்மைதான். கைப்பிடிக்கான துளை கதவின் தவறான ஓரத்தில் இருந்தது. தையற்காரர்கள் துணியை இரண்டாக மடித்துப் போட்டு வெட்டுவார்கள். இடதும் வலதும் தானாக வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் அம்மா முன்கதவு இரண்டையும் ஒரே மாதிரி, பின்கதவு இரண்டையும் ஒரே மாதிரி அறுத்துவிட்டார்கள்.

"நாப்பது வருசமா துணி வெட்டின கையாக்கும். பலகை மடங்காதுன்னு மறந்து போச்சே மக்கா," என்று உட்கார்ந்துவிட்டார்கள். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. தம்பி வர நான்கே நாள்தான் இருந்தது. அம்மா தோற்று நான் பார்த்தது அந்த ஒரு மத்தியானம்தான், அதுவும் காப்பி நேரம் வரைதான். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். இரண்டு பலகைகளில் ஒட்டிய ரெக்சினை உரித்து எறிந்தார்கள். பலகையைத் திருப்பிப் போட்டார்கள். வலது வந்துவிட்டது! சொரசொரப்பான பின்பக்கத்தில் புது ரெக்சினைத் தைத்து ஒட்டியபோது பசை முன்னைவிட நன்றாகவே பிடித்தது.

மழைக்கும் வழி வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் ரப்பர் மரத்தைச் சுற்றிப் பாவாடை போல பிளாஸ்டிக் ஒட்டுவார்கள் அல்லவா, வெட்டுவாயில் தண்ணீர் இறங்காமல் இருக்க? சிறு வயதில் தம் தகப்பனாரோடு போய் ஆயிரம் மரத்துக்கு ஒட்டியவர்கள் அம்மா. அதே பிளாஸ்டிக்கைக் கதவின் இரும்புக்கும் பலகைக்கும் நடுவில் ஒட்டி, இறங்கும் தண்ணீர் அடியிலுள்ள துளை வழியாக வெளியே போகும்படி விட்டார்கள்.

தம்பி வந்த நாளில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அந்தக் காரிலேயே போனோம். அம்மா முன்சீட்டில், ஆலயத்துக்குக் கட்டும் பட்டுச்சேலையில். தம்பி காரைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்து நின்றான். பின்சீட்டில் ஏறி, பழைய நினைவில் கதவை ஓங்கி அடைத்தான்.

"மெல்ல அடைலே!" என்றார்கள் அம்மா.

பாறசாலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வீடு வரை விடவில்லை. தம்பி பலகையின் அடியில் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். வாசலில் இறங்கும்போது, "நனையவே இல்லையேம்மா" என்றான்.

"ரப்பர் மரத்துக்கே பாவாட கட்டின குடும்பமாக்கும் நாம. வண்டிய என்ன செய்யப்போற?"

"நிக்கட்டும்மா."

அம்மா சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

அதன்பின் மூன்று மழைக்காலம் அம்மா அந்த முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். சிறுநீரகம் கெட்டு மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த கடைசி மாதங்களிலும் வேறு வண்டியில் ஏறவில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் தம் கதவைத் தாமே அடைத்தார்கள். கடைசியாக வீடு திரும்பிய நாளில் கையில் பலமில்லை. துபாயை விட்டு வந்துவிட்ட தம்பி அடைத்தான். சத்தமே கேட்கவில்லை.

அம்மாவைப் பராமரித்த செவிலியர்களுக்கும், வீட்டுக்கு வந்து பாடி ஜெபித்த சபையாருக்கும், அடக்க நாளில் மழையில் நனைந்து நின்ற ஊராருக்கும், சிரித்தாலும் நான்கு கதவையும் மாட்டித் தந்த மெக்கானிக் அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தம்பி ஒன்று சேர்த்து எழுதச் சொன்னான். கார் விற்பனைக்கு இல்லை. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வேண்டுமானால் கேளுங்கள், அவனே ஓட்டி வருவான். கதவை மட்டும் ஓங்கி அடைக்காதீர்கள். அம்மா செய்தது.