பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில் நான் டாக்டராகிவிட்டேன். படிக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. பந்தலூர் பக்கம் நாங்கள் குடியிருந்த தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் இது தெரியும். அப்பா ஒரு வீடு விடாமல் சொல்லிவைத்திருந்தார். அவர் கெஞ்சிக் கேட்டதில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யும் மலையாளி டாக்டர் ஒரு வாரம் என்னைத் தன் பின்னாலேயே சுற்றிவர விட்டார். அவர் நடந்தால் நடப்பேன், நின்றால் நிற்பேன். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்த நோயாளியை நானும் ஒருமுறை கடுமையாகப் பார்ப்பேன்.

அந்த வாரம்தான் அத்தை ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டாள். அப்பாவின் அக்கா, தனி ஆள், எங்களோடுதான் இருந்தாள். கொழுந்து மூட்டை தூக்கித் தூக்கி வந்த குடலிறக்கத்தை, சேலையை இறுக்கிக் கட்டியே பல வருஷம் ஓட்டியவள். யார் சொன்னாலும் கத்தி வைக்க விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள், இப்போது டாக்டரிடம் ஒரு நிபந்தனை போட்டாள்.

"புள்ள டாக்டருக்குப் படிக்கப் போவுதுங்க. உள்ள நின்னு பாக்கட்டும். அப்புடின்னா நான் வாறேன்."

சொந்தக்காரர்களை உள்ளே விடுவதில்லை என்றார் டாக்டர். அத்தை விடுவதாக இல்லை. கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"உள்ள வந்தா நீ ஸ்டூடன்ட். அங்க அத்தையுமில்ல, மருமகளுமில்ல. பேசக்கூடாது. மனசிலாயோ மோளே?"

நன்றாகவே மனசிலாயிற்று. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் படிப்புக்காக அக்கா தன் உடம்பையே கொடுக்கிறாள் என்று லயம் முழுக்கச் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஆபரேஷன் அன்று அத்தைக்கு முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். நெஞ்சுக்கு மேல் ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் அத்தை விழித்துக்கொண்டு கிடந்தாள். இந்தப் பக்கம் டாக்டருக்குப் பின்னால், ஒரு ஸ்டூல் மேல், தொளதொளத்த கவுனோடு நான். மயக்கம் வரவில்லை என்ற பெருமையே தலைக்கேறியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"பாப்பா, இருக்கியா?"

நான் ஸ்டூடன்ட். வாயைத் திறக்கவில்லை.

"பாப்பா..."

பலகையில் நீட்டிக் கட்டியிருந்த அத்தையின் கை மட்டும் எனக்குத் தெரிந்தது. விரல்கள் விரிந்து விரிந்து மூடின. ஊசி போட்டால் இப்படியும் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர்தான் தலை நிமிராமலே, "இருக்கா சேச்சி, இருக்கா" என்றார். நான் அவர் தையல் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அவர் அப்பாவிடம், "நல்ல குட்டி. ஒரு வார்த்த பேசல" என்றார். அந்தப் பாராட்டை நான் வெகுநாள் சொல்லித் திரிந்தேன். அத்தையும், "எங்க பாப்பா பக்கத்துலயே நின்னுச்சு" என்று கொழுந்து பறிக்கும் இடமெல்லாம் சொன்னாள். தான் கூப்பிட்டதையும் நான் பேசாமல் நின்றதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நான் டாக்டராகவில்லை. என் மார்க் அந்த உயரத்துக்கு எட்டவில்லை. இப்போது கோயம்புத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

அத்தை செத்துப்போன மறுவருஷம் எனக்குச் சிசேரியன். அதே ஊசி, அதே பச்சைத் துணி. அந்தப் பக்கம் யார் யாரோ பேசிக்கொண்டார்கள். தட்டில் எதையோ வைக்கும் சத்தம் கேட்டது. என் உடம்பில் பாதி எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. பயத்தில் என் கை தானாக விரிந்து மூடியது. தலைமாட்டில் இருந்த நர்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

என் டாக்டர் படிப்பெல்லாம் அன்றைக்கு அத்தைக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. பயமாக இருக்கிறது, கூட வா என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். தனக்கென்று ஓர் ஆளை உள்ளே கூட்டிப்போக அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஸ்டூலை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்திருந்தால், அந்தக் கை எனக்கு எட்டியிருக்கும்.