நான்காம் காரணம்

அது மிக மெல்லிய தாள். வெளிநாட்டுக் கடிதம் ஒன்றோடு ஆறாக மடிக்கப்பட்டு வந்திருந்தது. மாஸ்டர் அதை என் மேசைமேல் விரித்தார். மடிப்புகள் நிமிர மறுத்ததால் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பேருந்து நிறுத்தத்திலிருந்து நனைந்தபடியே வந்திருந்ததால் அவர் சட்டைக் கையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து, ஒரு வரியில் மை ஊறிப் பரவியது. கட்டுரை அனுப்புகிறவர்களுக்கு ஆய்விதழ் ஒன்று வகுத்த விதிகள் அதில் இருந்தன. தாளின் ஒரு பக்கம் மட்டும் தட்டெழுத வேண்டும். வரிகளுக்கு இடையே இரட்டை இடைவெளி. இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும். அட்டவணைகள் தனித்தாளில், அவற்றில் செங்குத்துக் கோடு கூடாது. அடிக்குறிப்புகள் அனைத்தும் கடைசியில். கட்டுரையாசிரியரின் பெயர் முதல் தாளைத் தவிர வேறெங்கும் வரக்கூடாது. நான் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து வர, அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "இவ்வளவும் ஒங்களால முடியுமா தங்கச்சி?" என்று கேட்டார். முடியும் என்றேன். அப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் முடியும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. இலங்கையின் மலைநாட்டில், ஹட்டன் கடைத்தெருவில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த தட்டெழுத்துப் பயிற்சிக்கூடத்தில் நான் வேலை பார்த்தேன். காலையில் மாணவர்களுக்குப் பயிற்சி. பிற்பகலில் வெளியார் கொண்டுவரும் விண்ணப்பங்களையும் மனுக்களையும் தட்டெழுதிக் கொடுப்பது. பெரும்பாலும் பிரஜாவுரிமை மனுக்கள், தங்களை இந்த நாட்டுக் குடிகளாக ஏற்கும்படி தோட்டத்து ஆட்கள் போடுபவை. மாஸ்டர் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். முப்பத்தைந்து வயதிருக்கும். தபால் மூலம் படித்துப் பொருளியலில் பட்டம் பெற்றவர். அவர் தகப்பனார் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். தோட்டத்துக்குள் வரும் தபால் எல்லாம் தோட்ட நிர்வாகியான துரையின் ஆபீஸ் வழியாகத்தான் வரும் என்பதால், ஆய்விதழோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்கு எங்கள் பயிற்சிக்கூடத்து விலாசத்தையே கொடுத்திருந்தார்.

அவர் எழுதிய கட்டுரை, தோட்டத் தொழிலாளர்கள் வேலைக்கு வராத நாட்களைப் பற்றியது. தோட்டத்துப் பெண்கள் சோம்பலால் வீட்டில் நின்றுவிடுகிறார்கள் என்று துரைமார் சங்கத்து அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தன. மாஸ்டர் அதை நம்பவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய், கடந்த ஒரு வருடத்தில் எந்தெந்த நாட்கள் வேலைக்குப் போகவில்லை, ஏன் போகவில்லை என்று கேட்டு எழுதினார். தன்னால் போக முடியாத தோட்டங்களில் தெரிந்த ஆசிரியர்களைக் கொண்டு எழுதவைத்தார். கட்டுரை ஆங்கிலத்தில்; கேட்டு எழுதிய நோட்டுக் கொப்பிகள் எல்லாம் தமிழில் இருந்தன. 'மழையில் கூரை விழுந்தது', 'மழைக்குப் போர்த்துகிற கம்பளி காயவில்லை', 'புருசன் அடித்தான்', 'ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, நாளைக்கு வரச் சொன்னார்கள்'. இப்படிப் பக்கம் பக்கமாக. "காரணமில்லாம ஒருத்தரும் வீட்ல நிக்கலங்க தங்கச்சி. அதத்தான் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்" என்றார்.

சனிக்கிழமை பிற்பகலும் ஞாயிற்றுக்கிழமையும் அவருடைய வேலைக்கென்று ஒதுக்கினேன். அவர் பக்கத்தில் ஒரு மர நாற்காலியில் அமர்ந்து, கையெழுத்துப் பிரதியை என் முன்னால் ஒவ்வொரு பக்கமாக நகர்த்துவார். இடையில் பேசமாட்டார். ஒரு எழுத்துப் பிழைத்தால் மூலத்தில் ஒருமுறை, கார்பன் பிரதியில் ஒருமுறை என்று இரண்டு இடத்திலும் அழிக்க வேண்டும். நான் பிளேடால் சுரண்டும்போது அவர் மூச்சை அடக்கிக்கொள்வார். தாள் கிழிந்துவிட்டால் அந்தப் பக்கம் முழுவதும் மறுபடி. கிழிந்த தாள்களைக் கூடையில் போடாமல் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பின்பக்கத்தில் எழுத உதவும் என்பார்.

அட்டவணையைத் தட்டெழுதத் தொடங்கியது மூன்றாவது வாரம். கடைசி நெடுவரிசை 'காரணம்'. எந்த நெடுவரிசைக்கும் அதில் வரும் மிக நீண்ட சொல்லை எண்ணித்தான் அகலம் குறிக்க வேண்டும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டு வந்தேன். தோட்டங்களின் பெயர் இல்லை, எழுத்துகள்தான். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தை அவர் 'இ' என்று குறித்திருந்தார். அதில் முப்பத்தொன்றாம் வீடு: விதவை, கொழுந்து பறிப்பவர், ஒரு மகள், நகரத்தில் தட்டெழுத்தாளர், ஒரு மகன், இறந்துவிட்டான். வராத நாட்கள், தொடர்ச்சியாக ஒன்பது. காரணம், குழந்தையின் மரணம்.

எங்கள் தோட்டத்தில் நகரத்துக்குத் தட்டெழுத்து வேலைக்குப் போனவள் நான் ஒருத்திதான்.

தம்பி அதற்கு முந்தைய வருடம் காய்ச்சலில் இறந்தான். ஆறு வயது. கம்பளியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். தந்தி எனக்குக் கிடைத்து, பேருந்து பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். மறுநாளே திரும்பிவிட்டேன், அந்த வாரம் மாணவர்களுக்குப் பரீட்சை. பிறகு அம்மா யாரிடமோ சொல்லி ஒரு கடிதம் எழுதவைத்து அனுப்பியிருந்தார். மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விட்டதாகவும், நான் லீவு போட்டுக்கொண்டு வரவேண்டாம் என்றும் அதில் இருந்தது. அதை நம்பி நானும் போகவில்லை.

பக்கத்தில் கிடந்த அந்தத் தோட்டத்துக் கொப்பியை ஒருமுறை பார்த்தேன். எங்கள் தோட்டத்து ஆசிரியரின் கையெழுத்து. மாஸ்டர் அந்த வீட்டுக்குப் போனதில்லை, அம்மாவைப் பார்த்ததில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, அழுகையும் வரவில்லை. அந்தச் சொற்களை ஆங்கிலத்தில் எண்ணினேன். இடைவெளிகளோடு சேர்த்துப் பதினான்கு தட்டல்கள். நெடுவரிசைக்குள் அடங்கும். தட்டிவிட்டு முப்பத்திரண்டாம் வீட்டுக்குப் போனேன். அன்று அந்தப் பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை.

கட்டுரை போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் திருத்த வேண்டும் என்றிருந்தார்கள். கட்டுரை நீளம், மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். காரணங்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை நான்கு வகைக்கு மிகாமல் தொகுத்து, அட்டவணையில் சொற்களுக்குப் பதிலாக எண்களை இட வேண்டும். மாஸ்டர் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே பேருந்து நிலையத்தில் ராகலை போகும் பேருந்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"காரணத்த எடுத்துட்டா கட்டுரையில என்னாங்க இருக்கு?" என்றார்.

அவரே பிறகு சொன்னார்: "அச்சுல போடாம விட்டா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. நாலு வகையாச்சும் இருக்கட்டும்."

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தார். கட்டுரை அச்சேறினால் இடம் கிடைக்கும் என்று அங்கிருந்த பேராசிரியர் எழுதியிருந்தார். அது எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்துக்குப் பதிலையும் நான்தான் தட்டெழுதியிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து வகை பிரித்தோம். ஒன்று நோய், இரண்டு பிரசவம், மூன்று சடங்கும் திருவிழாவும், நான்கு மற்றவை. அவர் பென்சிலோடு ஒவ்வொரு வீடாக வந்தார். கூரை விழுந்தது, நான்கு. கம்பளி காயவில்லை, நான்கு. புருசன் அடித்தான் என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, 'ஒன்று' என்று எழுதி, அழித்து, 'நான்கு' என்று எழுதினார். முப்பத்தொன்றாம் வீட்டில் பென்சில் மறுபடி நின்றது.

"புள்ள செத்திருக்கு. இத நோயில போடலாமுங்களா? காய்ச்சல்ல தான செத்திருக்கும்."

"நோய் அந்தம்மாவுக்கு இல்லீங்களே மாஸ்டர்."

"அப்ப சடங்கு? ஒம்பது நாளு நின்னுருக்காங்க."

"சின்னப் புள்ளைங்களுக்குக் கருமாதி செய்ய மாட்டாங்க. அடக்கம் பண்ணுனதோட முடிஞ்சிரும்."

அவர் என்னைப் பார்த்தார். எதையோ கேட்க வந்தவர்போல இருந்தது. "ஆமா, அதுவும் சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

"மத்ததுல போடுங்க" என்றேன்.

போட்டார். நான் இயந்திரத்தில் புதுத் தாளைச் செருகி, நெடுவரிசையை ஒரே எழுத்தின் அகலத்துக்குக் குறுக்கி வைத்தேன். முப்பத்தொன்றாம் வீடு வந்தபோது ஒரு விரல்தான் வேலை செய்தது. அட்டவணை பார்வைக்கு அழகாக வந்திருந்தது. முன்னிருந்ததைவிடத் துப்புரவாக இருக்கிறது என்று மாஸ்டர்கூடச் சொன்னார். சொன்ன பிறகு தன் குரலைத் தானே கேட்டவர்போல முகம் மாறி, பழைய அட்டவணையின் தாள்களை மட்டும் தனியாக எடுத்து நூலால் கட்டி வைத்துக்கொண்டார்.

நன்றிக் குறிப்பு ஒன்றே ஒன்று அனுமதி. அதுவும் ஒரே வாக்கியம். அதில் என் பெயரைப் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தோட்டத்தில் ஒரு நாள் வேலை கணக்கில் பதிந்தால் 'பேர் விழுந்தது' என்பார்கள். "இத்தன ஞாயித்துக்கெழம ஒழச்சிருக்கீங்க. ஒங்களுக்கு நான் ஒரு பேராவது போட வேணாமா?" என்று சிரித்தார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். காரணம் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தாள்களின் ஒரு முனையில் என் பெயரும் மறுமுனையில் அந்த எண்ணும் இருப்பது சரியில்லை என்று இன்று சொல்வேன். அன்று வெறுமனே வேண்டாம் என்றுதான் வந்தது. அவர் வற்புறுத்தவில்லை. பெயரை விட்டு, அதன் முதலெழுத்தை மட்டும் போட்டார்.

கட்டுரை ஏற்கப்பட்டது. மேற்படிப்புக்கு இடமும் கிடைத்தது. கடவுச்சீட்டுதான் கிடைக்கவில்லை. அவருடைய பிரஜாவுரிமை மனு, நான் தட்டெழுதியதல்ல, பல வருடங்களுக்கு முன்பே அனுப்பியது, அதே மாதத்தில் நிராகரிக்கப்பட்டு வந்தது. தகப்பனார் இந்த மண்ணில் தொடர்ந்து வசித்ததற்கான சான்று போதவில்லையாம். எந்த நாட்டின் பிரஜையும் அல்லாதவரை எந்த நாட்டுக்கும் அனுப்ப முடியாது. ஒரு வருடம் அலைந்தார், அதற்குள் மேற்படிப்பு இடமும் கைநழுவியது. பிறகு மனைவி பிள்ளைகளோடு இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு, தான் ஒருநாளும் பார்த்திராத திருச்சிப் பக்கத்துக் கிராமத்துக்குப் புறப்பட்டார்.

ஹட்டன் ஸ்டேஷனுக்கு நான் போயிருந்தேன். அன்று புறப்பட்ட குடும்பங்கள் பல. இந்தியக் கப்பல் ஏறத் தலைமன்னார்வரை போகிறவர்களை வழியனுப்ப வந்தவர்கள் பெட்டிகளின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினார்கள். மாஸ்டரின் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் மட்டும் ஜன்னலில் குனிந்து, "அச்சுப்பிரதி அனுப்புனாங்கன்னா ஒங்க விலாசத்துக்குத்தான் வரும். மறந்துறாதீங்க தங்கச்சி" என்றார். மறக்க மாட்டேன் என்றேன். சுற்றி அவ்வளவு பேர் அழும்போது அழாமல் நின்றவர்கள் நாங்கள் இருவர்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கட்டு வந்தது. அவருடைய கட்டுரை மட்டும் தனியாக அச்சிட்டுத் தைத்த இருபத்தைந்து பிரதிகள். இருபத்துநான்கை அவர் கொடுத்த கிராமத்து விலாசத்துக்கு அனுப்பினேன். கிடைத்ததாக ஒரு தபாலட்டை வந்தது. ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பதாகவும், தன் பேச்சைக் கேட்டு அங்குள்ளவர்கள் 'சிலோன்காரர்' என்று கூப்பிடுவதாகவும் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை.

ஒரு பிரதியை நான் வைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு நோட்டன் பிரிட்ஜுக்குப் பேருந்து ஏறினேன். அம்மா லயத்து அறையான எங்கள் காம்பராவின் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அட்டவணையைப் பிரித்து, விரலை வைத்து, "இது நம்ம வீடும்மா" என்றேன்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "வீட்டுப் படம் இல்லியே."

"நம்பர்தாம்மா. இது நீங்க வேலைக்குப் போவாத நாளு. ஒம்பது."

அம்மா பக்கத்திலிருந்த எண்ணைக் காட்டி, "இது?" என்று கேட்டார்.

"நாலு. ஏன் போவலன்னு."

"நாலுன்னா என்னா?"

"மத்ததுன்னு அர்த்தம்."

தலையாட்டினார். சரியென்றா, புரியவில்லையென்றா தெரியவில்லை. நான் கேட்க நினைத்து வந்ததைக் கேட்டேன். "மூணாம் நாளே போயிட்டேன்னுதான கடுதாசி போட்டீங்க?"

"நீ வேலய விட்டுட்டு வந்துருவேன்னு பயந்துகிட்டேன்." அட்டவணையை மறுபடி பார்த்துவிட்டு, "ஒம்பது இல்ல, பதினொண்ணு" என்றார். "நடுவுல ரெண்டு ஞாயித்துக்கெழம. அதுல வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டு இல்ல, அதனால ஆபீஸ்ல எண்ண மாட்டாங்க."

"பதினோரு நாளும் என்னம்மா செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல புள்ள. உக்காந்திருந்தேன்."

புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, மிச்சக் கீரையை ஆயத் தொடங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹட்டனுக்கு நான் திரும்ப வேண்டிய நான்கு மணிப் பேருந்து கீழே ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை.