ஜெயரூபன் சொல்லாத ரைட்

ஜெயரூபனின் வலது கையை அடித்து நொறுக்கியபோது நான் பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் இருந்தேன். பின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் முகத்திலிருந்து நாலடி தூரத்தில் அது நடந்தது.

அவன் பதுளையிலிருந்து நமுனுகுலவுக்கு ஓடும் தனியார் பஸ்ஸொன்றின் கொண்டக்டர். வயது முப்பத்திரண்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டு, பதினொரு வருடமாக அந்த பஸ்ஸின் கதவில் தொங்கிக்கொண்டு வந்தவன். நான் மலைக்கு மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். காலை ஆறு நாற்பதுக்குக் கிளம்பும் அவனுடைய பஸ்ஸில்தான் தினமும் போவேன்.

ஒருநாள் வகுப்பில் 'ரைட்' என்ற சொல்லுக்குச் சரியான, வலது, நியாயமான என்று மூன்று பொருள் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "டீச்சர், ஜெயரூபன் அண்ணன் இன்னும் நெறைய வச்சிருக்காரு" என்றாள் ஒருத்தி. உண்மைதான். பஸ் புறப்பட ஒரு ரைட். வளைவில் இடம் போதுமென்றால் இழுத்து ஒரு ரைட். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது தகரத்தைத் தட்டித் தட்டி "ரைட், ரைட், ரைட்". பொலிஸ் மறித்தால் "ஓல் ரைட் சேர்". மனைவி தனுஜா போனில் ஏதும் சொன்னால் களைத்த குரலில் "ரைட்டு". வம்புக்கு வந்தவனிடம் பல்லைக் கடித்துக்கொண்டு "ரைட்டு, பாத்துக்கிறேன்".

வம்புக்கு வந்தவன் தினேஸ். அதே வழியில் எங்களுக்கு முன்னால் ஓடும் ஆறு இருபது பஸ்ஸின் கொண்டக்டர். தன் நேரம் முடிந்த பிறகும் போகாமல் நின்று, எங்கள் பஸ்ஸுக்கு வந்த ஆட்களையும் இழுத்து ஏற்றிக்கொள்வான். ஜெயரூபன் பலமுறை சொல்லிப் பார்த்தான். கடைசியில் எங்கள் ட்ரைவர் பாறூக் பஸ் நிலைய நேரக் காப்பாளரிடம் அவன் பெயரில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். தினேஸின் பஸ்ஸை ஒரு வாரம் ஓட விடாமல் நிறுத்திவிட்டார்கள்.

அந்த வாரத்தின் மூன்றாம் நாள். பஸ் நிறைந்துவிட்டது. தரிப்பிடத்தில் முன்பக்கம் சுவர் என்பதால் பின்னால் எடுத்துத்தான் வெளியே வர வேண்டும். பாறூக் என்ஜினை உறும விட, ஜெயரூபன் வழக்கம்போலப் பின்னால் போய் நின்றான்.

தினேஸ் எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை. கையில் பஸ்ஸின் டயர்ச் சில்லைக் கழற்றும் இரும்பு. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்க ஜெயரூபன் வலது கையைத் தூக்கினான். எலும்பு முறிந்த சத்தம் என்ஜின் சத்தத்துக்கு மேலால் கேட்டது. கீழே சரிந்தவனின் அதே கையைச் செருப்புக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, விரல்கள் மீது இரும்பை மறுபடி மறுபடி இறக்கினான்.

"முறைப்பாடா குடுக்குற? இந்தக் கையாலதானே டிக்கட் கிழிக்கிற? கிழிடா!"

கண்ணாடியில் இரத்தம் தெறித்தது. பஸ்ஸுக்குள் எல்லோரும் கத்தினார்கள். ஒருவரும் இறங்கவில்லை. இறங்கியவள் ரெங்கம்மா மட்டுந்தான். ஆஸ்பத்திரியில் மருமகளுக்குத் துணையிருந்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த, தேயிலைக் கொழுந்து பறிப்பவள். கையிலிருந்த சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்கைத் தினேஸின் காதோரத்தில் ஓங்கி அடித்தாள். பிளாஸ்க் உடைந்து கொதிநீர் அவன் முகத்தில் ஊற்றியது. அலறிக்கொண்டு வழுக்கி விழுந்தவன், பின்சில்லுக்கு ஒரு முழத்துக்குள் மல்லாந்து கிடந்தான்.

சில்லுக்குப் பக்கத்தில் ஆள் கிடப்பது பாறூக்குக்குத் தெரியாது. சண்டை நடக்கிறது, வண்டியை வெளியே எடுக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. ரிவர்ஸ் கியர் போட்டுவிட்டுக் கத்தினார்: "ஜெயரூபன்! ரைட்டா? ரைட்டா?"

அவனுடைய சொல் இல்லாமல் பாறூக் ஓர் அங்குலமும் பின்னால் எடுக்க மாட்டார். ஜெயரூபன் இடது கையை ஊன்றி எழுந்து பஸ்ஸின் பின்மூலையில் பக்கவாட்டில் சாய்ந்திருந்தான். வலது கை துணிபோலத் தொங்கியது. தினேஸைப் பார்த்தான். சில்லைப் பார்த்தான். வாய் திறந்தது.

"ரைட்டா?" என்றார் பாறூக் மறுபடியும்.

எத்தனை விநாடி என்று எனக்குத் தெரியாது. நானும் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. ஒரு கணம், அவன் அதைச் சொல்ல வேண்டும் என்று நானும் விரும்பினேன்.

"நிப்பாட்டு!" என்று ஜெயரூபன் அலறினான். "நிப்பாட்டுங்க பாறூக் நானா, ஆளு கெடக்கு!" அப்படியே மயங்கி விழுந்தான்.

நாலாம் நாள் வார்டில் போய்ப் பார்த்தேன். கையில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். தனுஜா தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அந்தச் சொல்லு நாக்கு நுனியில நின்னுச்சுங்க டீச்சர்" என்றான். "சொல்லியிருந்தா யாரும் என்னயக் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்க. பஸ்ஸு ஏறிருச்சின்னு முடிஞ்சிருக்கும்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"அவன் முகமெல்லாம் வெந்து போய் இருந்துச்சு. ஆனா கண்ணு தொறந்திருந்துச்சு. என்னயவே பாத்துக்கிட்டு இருந்தான்." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நல்லவன்னு நெனச்சிராதீங்க. இப்பவும் கை வலிக்கிறப்போ, சொல்லியிருக்கலாமேன்னுதான் தோணுது."

தனுஜா அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "சொல்லியிருந்தா அப்புறம் நான் ஒங்க பக்கத்துல படுக்கவே மாட்டேன்."

தினேஸுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவனுடைய ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. ரெங்கம்மாவையும் பொலிஸ் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தது. "அடிச்சேன்தான் ஐயா. இன்னொரு பிளாஸ்க் இருந்தா அதாலயும் அடிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஜெயரூபனின் வலது கையில் மூன்று விரல்கள் மடங்குவதில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு பஸ்ஸுக்குத் திரும்பினான். இடது கையால் டிக்கட் கிழிக்கப் பழகிவிட்டான்.

ஆனால் இப்போது அவன் கதவில் தொங்குவதில்லை. தரிப்பிடத்தில் நிற்கும்போதும் பஸ்ஸின் தகரத்தில் முதுகை ஒட்டி வைத்துக்கொண்டுதான் நிற்கிறான். பின்னாலிருந்து யாராவது சும்மா தோளைத் தொட்டால் போதும், முஷ்டியை ஓங்கிக்கொண்டுதான் திரும்புகிறான்.