அர்வா டாக்டர் முதலில் எடுத்த நோயாளி

போர் எங்கள் தாயிஸ் நகரத்தை இரண்டாக வெட்டிப்போட்டிருந்த காலத்தில், அர்வா ஷர்ஜபியின் அறுவை அரங்கில் நான் நர்ஸாக இருந்தேன். அர்வா கட்டையான பெண்மணி. கோபம் சட்டென்று வரும்; வந்த வேகத்தில் போய்விடும். மேஜையில் கிடப்பது காய்கறி விற்பவளா, நீதிபதியா என்று பார்க்க மாட்டார். மயக்க மருந்து ஏறும்வரை நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது வம்பளந்துகொண்டே இருப்பார்.

அன்று காலை நஸ்ராவை அவள் புருஷன் அவாத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்து வந்தான். தெருப் பெருக்குகிறவள். அவள் இனத்தாரை ஊர் தன் தட்டில் கை வைக்க விடாது. அவர்களுடைய குடிசைகள் ஓடைக்கு அந்தப் பக்கம். குடலிறக்கம் இறுகி, வயிறு பலகையாகக் கிடந்தது. வாந்தி நிற்கவில்லை. அவளைத் தூக்க ஒரு வார்டு ஊழியனும் முன்வரவில்லை. டாக்டர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்கினோம். மேஜையருகே வந்ததும் நஸ்ரா முரண்டு பிடித்தாள்.

"வேணாம் டாக்டரம்மா. கால் கழுவலை. வெள்ளை விரிப்பு பாழாயிடும்."

"படு பொண்ணே. இன்னும் கொஞ்ச நேரத்துல அதை நானே பாழாக்கப்போறேன். நீ எதுக்கு முந்துற?"

வலியிலும் நஸ்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் வெளியே வண்டிகள் வந்து நின்றன. எங்கள் பகுதிப் படைத்தலைவன் முக்பில், தம்பி ஹைசமைத் தாங்கிக்கொண்டு உள்ளே வந்தான். முழங்கைக்குக் கீழே குண்டு புகுந்து வெளியேறியிருந்தது. போருக்கு முன்பு ஹைசம் தரைக்கு ஓடு பதிக்கும் வேலை செய்தவன். இன்னொரு அறுவை மருத்துவர் ஏடனுக்குப் போயிருந்தார். இயங்கிக்கொண்டிருந்த அறுவை அரங்கமும் ஒன்றுதான்.

டாக்டர் ஹைசமின் கையை நிதானமாகப் பார்த்தார். ரத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது. விரல்கள் சூடாக இருந்தன, அசைந்தன.

"இது காத்திருக்கும். உள்ளே இருக்கிறவளுக்குக் குடல் அழுகுது. அவதான் முதல்ல."

முக்பில் திறந்த கதவு வழியே உள்ளே எட்டிப் பார்த்தான். "இவளா? குப்பை கூட்டுறவளுக்காக என் தம்பி காத்திருக்கணுமா?"

"குப்பை அவ தொழிலு ஷேக். குடல் உங்களுக்கும் அவளுக்கும் ஒண்ணுதான். துப்பாக்கியை வெளியே வெச்சுட்டு தம்பி பக்கத்துல உட்காருங்க."

அவன் ஏனோ உட்கார்ந்தான். வார்டுப் பெண் ஒருத்தியிடம், ஹைசமின் விரல்களை அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு டாக்டர் கை கழுவப் போனார்.

சீக்கிரம் முடியும் என்று நினைத்த வேலை முடியவில்லை. குடல் ஒரு முழத்துக்கு மேல் கருத்து, பக்கத்துச் சதையோடு ஒட்டிக் கிடந்தது. அதை வெட்டி எடுத்து, நல்ல முனைகளைச் சேர்த்துத் தைக்கத் தொடங்கியபோது வார்டுப் பெண் கதவருகே வந்து நின்றாள்.

"டாக்டர், அந்தப் பையன் ரொம்ப வலிக்குதுன்னு அழறான். ஊசி போட்டும் அடங்கலை."

டாக்டரின் கை நின்றது. "விரலை நீட்டிவிட்டா கத்துறானா?"

"ஆமா. கையும் கல்லு மாதிரி ஆயிடுச்சு. முதல்லயே முனகினான். அவங்க அண்ணன்தான் ஆம்பளையாடா நீன்னு வாயை அடைச்சிட்டாரு. நானும் சும்மா இருந்துட்டேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்தது. உள்ளே வீக்கம் ஏறி, தசை மூச்சுவிட இடமில்லாமல் செத்துக்கொண்டிருந்தது. உடனே தோலைக் கீறித் திறக்க வேண்டும். ஆனால் டாக்டர் கையில் நஸ்ராவின் குடல் இரண்டு துண்டாக இருந்தது. அதை விட்டுவிட்டுப் போக முடியாது. வாய்க்குள் ஏதோ ஓதியபடி தைத்தார். அவ்வளவு வேகமாக அவர் தைத்து நான் பார்த்ததில்லை. ஒரு தையலைக்கூடக் கோணலாக விடவில்லை.

நஸ்ரா பிழைத்தாள். ஹைசமின் கையைத் திறந்தபோது தசையில் பாதி சாம்பல் நிறமாகியிருந்தது. கை தங்கியது; விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன.

ஆஸ்பத்திரித் தலைவர் டாக்டரை ஓரமாக அழைத்து, "குண்டாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்லிடும்மா. பாதி உண்மைதானே," என்றார்.

டாக்டர் நேராக முக்பிலிடம் போனார். "காத்திருக்கும்னு சொன்னேன், காத்திருக்கலை. என் கணக்கு தப்பிடுச்சு. ஆனா திரும்ப இப்படி வந்தாலும் அவளைத்தான் முதல்ல எடுப்பேன். அவ செத்துருப்பா."

"ஒரு தோட்டிச்சிக்கு என் தம்பி கையைக் காவு குடுத்துட்ட," என்றான் முக்பில். கை ஓங்கவில்லை, சத்தமும் போடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் அவன் ஆட்கள் நின்றார்கள். டாக்டரை உள்ளே விடவில்லை. அவர் வீட்டில் முடங்கவில்லை. கட்டு மாற்ற ஹைசமின் வீட்டுக்கே என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போதைக்கு மெல்லும் காத் இலையைக் கன்னத்தில் அடக்கியபடி கூடத்தில் உட்கார்ந்திருந்த முக்பில், எங்களைப் பார்த்ததும் எழுந்தான்.

உள்ளறையிலிருந்து ஹைசம் குரல் கொடுத்தான். "விடுண்ணே அவங்களை. வலிக்குதுன்னு நான் சொன்னப்போ வாயை மூடுன்னது நீ. அதையும் ஊர்ல சொல்லேன்."

முக்பில் வெளியே போய்விட்டான். டாக்டர் அந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி நீட்டினார். ஹைசம் பல்லைக் கடித்தான்.

"கத்துடா. இங்க யாரும் தடுக்க மாட்டாங்க," என்றார் டாக்டர். அவன் கத்தினான்.

சில நாளில் வாசலில் நின்ற ஆட்கள் காணாமல் போனார்கள். மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. டாக்டர் வேலைக்குத் திரும்பினார். ஹைசமின் வீட்டுக்குப் போவதையும் விடவில்லை. ஆனாலும் அவன் விரல்கள் ஓடு பிடிக்கும் அளவுக்கு விரியவே இல்லை.

நஸ்ராவைக் குடிசைக்கு அனுப்பியிருந்தோம். தையல் பிரிக்கும் நாளில் அவள் வரவில்லை. நாங்கள் ஓடையைத் தாண்டிப் போனபோது அவள் குடிசை இருந்த இடத்தில் கம்புகள் மட்டும் நின்றன. முக்பிலுக்குப் பயந்து நான்கு குடும்பங்கள் லாரி ஏறி ஊரைவிட்டே போய்விட்டதாகப் பக்கத்துக் குடிசைக்காரி சொன்னாள். எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை.

கத்தரியும் பஞ்சும் வைத்திருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"லாரியில தானா ஏறினாளா, தூக்கி விட்டாங்களா?"

"தானாத்தான். தூக்கிவிட வந்த புருஷனைத் திட்டிக்கிட்டே ஏறினா."

"தையல் விட்டுடாம வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஏறினாளா?"

அந்தப் பெண் யோசித்தாள். "அதை நான் கவனிக்கலையே டாக்டரம்மா."