பெற்றது மூன்று

என்னைப் பெற்றவரை நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். பெற்றவள் எனக்குச் சித்தி. வளர்த்தவர்கள்தான் நைனாவும் அம்மாவும். நைனா அண்ணன், சித்தப்பா தம்பி. உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் வரும் ஊரில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வீடும் அந்தப் பக்கம் ஒரு வீடும். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. தம்பிக்கு இரண்டு பையன்களுக்குப் பிறகு மூன்றாவதாகப் பெண்ணாய் நான் பிறந்தேன். பால்குடி மறந்ததும் சித்தி என்னைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரகத்தியின் மடியில் விட்டாள். அவ்வளவுதான் சடங்கு. எழுத்து எதுவும் இல்லை, ஊர்தான் சாட்சி.

இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. சினிமாவில் வருவதுபோல ஒரு நாள் உண்மை தெரிந்து நான் ஏரிக்கரையில் உட்கார்ந்து அழவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். தீபாவளிக்கு இரண்டு வீட்டிலும் துணி எடுப்பார்கள். சித்தி வீட்டில் மீன் குழம்பு என்றால் எனக்கு ஒரு கிண்ணம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது நைனா தன் பெயரையே அப்பா பெயராகச் சொன்னார். ரேஷன் கார்டு, ஆதார், மார்க்‌ஷீட் எல்லாம் அந்த வழியிலேயே போயின. பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சான்றிதழில் மட்டும்தான் சித்தப்பா பெயர் இருந்தது. அதை யாரும் பீரோவிலிருந்து வெளியே எடுத்ததில்லை.

சித்தப்பா வெல்டர். முதலில் துபாய், அங்கிருந்து கனடா. அவருக்கு அங்கே நிரந்தரமாகத் தங்க பி.ஆர். கிடைத்தபோது சித்தி தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். இனிமேல் பெண்டாட்டி பிள்ளைகளையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நானும் இரண்டு லட்டு எடுத்துத் தின்றேன். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. விண்ணப்பம் போட்டுக்கொடுக்கச் சென்னையில் ஒரு ஏஜென்ட் இருந்தார். அவர் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்குச் சித்தப்பா, "பெத்தது மூணு" என்று சொல்லிவிட்டார். பொய் வராத வாய். அந்த ஒரு இடத்திலாவது மனுஷனுக்கு எண்ணிக்கை மறந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. மறைத்திருந்தால் பின்னால் தெரிந்து எல்லோருக்கும் கதவு சாத்தியிருப்பார்கள் என்று ஏஜென்ட் சொன்னதும் நியாயம்தான். நியாயம் தெரிந்தால் ஆத்திரம் போய்விடுமா?

போகிறவர்கள் சித்தியும் இரண்டு அண்ணன்களும். ஆனால் போகாத எனக்கும் சென்னையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். போகாவிட்டாலும் பிள்ளை பிள்ளைதானாம், காட்டியாக வேண்டுமாம். அதையும் சகித்துக்கொண்டேன். பிறகுதான் விசா ஆபீசிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. மூன்றாவது பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு அப்பா, மற்ற எல்லாவற்றிலும் வேறொரு அப்பா இருக்கிறாரே, இவர் யார், இந்தப் பெண் யாருடைய பெண் என்று விளக்க வேண்டும். ஒரு மாதம் கெடு.

கணக்குக் காட்டாதவன் சபைக்கு ஆகமாட்டான், அவன் பெரியம்மா மகனும் ஆகமாட்டான், அத்தை மகனும் ஆகமாட்டான் என்று கோயில் சுவரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே வெட்டி வைத்தவர்கள் உத்திரமேரூர்க்காரர்கள். உறவு பார்த்துக் கதவைச் சாத்துவது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அவர்களுக்கு யார் யாருக்கு என்ன உறவு என்பதாவது தெரிந்திருந்தது.

நான் ஏஜென்டுக்கே போன் போட்டேன். "சார், என் பேரை அடிச்சிடுங்க. நான் வரவே போறதில்ல."

"ஒரு தடவ சொன்ன பிள்ளைய அடிக்க முடியாதும்மா. சட்டப்படி தத்து குடுத்திருந்தா அந்தப் பத்திரத்தக் காட்டலாம். அது கீதா, இல்லியா?"

பத்திரம் இல்லை. இப்போது எழுதலாமா என்று உத்திரமேரூர் கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் வக்கீலிடம் கேட்டோம். பதினைந்து வயசு தாண்டினால் தத்து செல்லாது என்றார். எனக்குப் பதினெட்டு. அவரே வழியும் சொன்னார். இந்தப் பெண் எனக்குப் பிறக்கவில்லை, நான் தத்தெடுக்கவும் இல்லை, இவள் என் மகள் இல்லை என்று நைனா சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தால் போதுமாம். ஒரே ஒரு கையெழுத்து.

அதை நைனாவிடம் யார் சொல்வது? சித்தப்பா கனடாவிலிருந்து வீடியோவில் வருவார். "அண்ணே, நல்லாக்கீறியா?" என்பதற்கு மேல் வாய் வராது. நைனா போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கழனிக்குப் போய்விடுவார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாததுபோல இருந்தார். கெடு குறைந்துகொண்டே வந்தது.

சித்தி தினமும் ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு, ஒரு நாள் வடை. கொடுத்துவிட்டுப் போகாமல் நிற்பாள். கடைசியில் ஒரு நாள் அம்மாதான் வெடித்தாள்.

"குடுத்தத திருப்பிக் கேக்கறியா?"

"நான் பொண்ணையா கேக்கறேன்க்கா? ஒரு கையெழுத்துதான கேக்கறேன். அந்த மனுசன் அங்க தனியா கெடக்குது. இத்தினி வருசமா போன்லயே குடித்தனம் பண்ணிக்கினு கீறேன்."

"இன்னிக்கி மக இல்லன்னு எழுதி வாங்குவ. நாளிக்கி உன் பொண்ணுன்னு கூட்டிக்கினு போவ."

சித்தி என்னைப் பார்த்தாள். அம்மாவும் என்னைப் பார்த்தாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அப்படி நின்றேன். நைனாவிடம் கேட்க மாட்டேன் என்று நான் சொன்னால் சித்தியும் அண்ணன்களும் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கமே கிடப்பார்கள், சித்தப்பா அங்கே தனியாகக் கிடப்பார். சரி என்றால் நைனா வாயாலேயே நான் அவர் மகள் இல்லை என்று வர வேண்டும். நான்கு பேர் மேலும் எனக்குக் கோபம். பிள்ளை இல்லாதது, பிள்ளையைக் கொடுத்தது, வெளிநாடு போனது, உண்மை சொன்னது, எதுவும் நான் செய்த காரியமில்லை. ஆனால் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

காலேஜ் விட்டு காஞ்சிபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில், அப்படியே செங்கல்பட்டுக்கு ஏறிப் போய்விடலாமா என்றுகூட நினைத்திருக்கிறேன். போய் என்ன செய்வது? எங்கே போனாலும் ஆதார் கூடவே வரும்.

கெடு முடிய நான்கைந்து நாள் இருக்கும்போது கழனிக்குப் போனேன். நைனா மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்.

"நீ கனடா போணும்னு கீறியா?" என்று அவராகவே கேட்டார்.

"இல்ல நைனா."

"அப்ப இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

"சித்தி போணும்."

"அவன் என் தம்பி. எனுக்காக பொண்ணையே குடுத்தான். நான் ஒரு கையெழுத்து குடுக்க மாட்டனா?" என்றார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அவர் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று எரிச்சலாகவும் இருந்தது.

மறுநாள் நைனா, சித்தி, நான் மூன்று பேரும் வக்கீல் ஆபீசுக்குப் போனோம். பத்திரத்தை இங்கிலீஷில் அடித்து வைத்திருந்தார்கள். எழுதிக் கொடுப்பவருக்குப் புரியும்படி குமாஸ்தா வரி வரியாகத் தமிழில் சொல்வார், நைனா ஒவ்வொன்றுக்கும் சரி சொல்ல வேண்டும். இல்லையென்றால் நோட்டரி முத்திரை விழாது.

"நான் மேற்படி விலாசத்தில் வசிக்கிறேன்."

"சரி."

"மேற்படி பெண் என் தம்பிக்கும் அவர் மனைவிக்கும் பிறந்தவர்."

"சரி."

"நான் அவரைச் சட்டப்படி தத்தெடுக்கவில்லை."

"சரி."

"அவர் என் மகள் அல்ல."

நைனா வாயைத் திறக்கவில்லை. குமாஸ்தா காதில் விழவில்லை என்று நினைத்து, இன்னும் சத்தமாக அதே வரியைச் சொன்னார். பக்கத்து மேசையில் பத்திரம் அடிக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொறக்கலன்னு போட்டுட்டீங்க. தத்து எடுக்கலன்னு போட்டுட்டீங்க. அதோட வுடுங்க. இந்த வரி வேணாம்" என்றார் நைனா.

"அந்த வரிதான் பெரியவரே அவங்க கேக்கறது" என்றார் வக்கீல்.

"எப்பிடி சொல்லுவேன்? பக்கத்துல குந்திக்கினு கீதே."

நான் வெளியே போயிருக்க வேண்டும். போயிருந்தால் அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ. சித்தி வாசலில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

"சரின்னு சொல்லு நைனா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வக்கீலிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். "சரி."

குமாஸ்தா அடுத்த வரிக்குப் போனார்.

சில மாதத்தில் விசா வந்தது. சித்தியும் அண்ணன்களும் போய்விட்டார்கள். சித்தி போகும்போது என்னையும் அம்மாவையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று ஊரில் பேச்சு. நீ எப்போ போகிறாய் என்று என்னைக் கேட்பவர்களுக்கும் குறைவில்லை. போகிற மாதிரியும் இல்லை, இங்கே முழுசாக இருக்கிற மாதிரியும் இல்லை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

நைனாவுக்கு வாய் பொல்லாதது. மாட்டுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு இரண்டு என்று தினமும் விழும். எருமை, தண்டச்சோறு, உன்னைக் கட்டிக்கினு போறவன் செத்தான். வக்கீல் ஆபீசிலிருந்து வந்த நாள் முதல் எனக்கு ஒன்றும் விழவில்லை. முதலில் வருத்தத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு மாதம் போயிற்று, இன்னொரு மாதம் போயிற்று. மாட்டைத் திட்டுகிறார், அம்மாவைத் திட்டுகிறார், என் பக்கம் வந்தால் குரல் இறங்கிவிடுகிறது. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற பேச்சு.

போன வாரம், மோட்டாரை நிறுத்து என்று சொல்லிவிட்டு உரம் வாங்கப் போனார். நான் வேண்டுமென்றே நிறுத்தவில்லை. அவர் திரும்பி வரும்போது தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்துக் கழனியில் பாய்ந்துகொண்டிருந்தது. அவரே போய் நிறுத்தினார். மண்வெட்டியை எடுத்து மடையை அடைத்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"பரவால்லமா, உனுக்கு இன்னா வேலயோ" என்றார்.

"திட்டு நைனா" என்றேன்.

"எதுக்குமா?" என்றார்.