கோடு தவறிய கல்

பாலசிங்கம் அண்ணையின் இடது கண் எப்போதும் பாதி மூடியே இருக்கும். யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் நில அளவைச் சேவையருக்குச் சங்கிலி பிடித்து, மூடி மூடிக் கோடு பார்த்துப் பழகிய கண். நீதிமன்றத்திலிருந்து வரும் வேலி வழக்குகளுக்குக் காணி அளப்பதுதான் அவர்களுக்கு வேலை. வேலிக்கு நட்ட ஒரு பூவரசங் கதியால் அரையடி நகர்ந்ததற்காக அண்ணனும் தம்பியும் இருபது வருடம் வழக்காடிய கதையை அவர் ரசித்துச் சொல்வார்.

1987இல் அவர் சுவிஸ் நாட்டின் சோலோதுர்ன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் விடுதியில் கோப்பை கழுவினார். அதே குசினியில் நான் மரக்கறி வெட்டினேன். ஆடியில் அவர் மனைவி பரமேஸ்வரி வருவதாக இருந்தது. ஊருக்குச் சொந்தமான பழைய பால்சாலையின் மேல்மாடி அறையைக் கேட்டு எழுதியிருந்தார். வியாழக்கிழமை ஊர்ச்சபை கூடி முடிவு செய்யும். ஊர்த் தலைவருக்கு அங்கே அம்மான் என்று பட்டம். அப்படி அழைப்பதில் அண்ணைக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

அதற்கு முந்திய ஞாயிறு, வைகாசி வெயில். வருடா வருடம் ஊரார் சேர்ந்து ஊரெல்லையைச் சுற்றி நடந்து எல்லைக்கற்களைப் பார்த்து வருவார்கள். அம்மான் எங்களையும் கூப்பிட்டிருந்தார். யூரா மலையடியில், அம்மானின் வயலோரம், அண்ணை நின்றுவிட்டார். இடது கண் முழுதாக மூடியது.

"தம்பி, மூண்டு கல்லும் ஒரே கோட்டிலை நிக்கவேணும், நடுக்கல்லைப் பார். இரண்டடி எங்கட பக்கம் வந்திருக்கு. கல்லுக்குக் கால் இருக்கோ? ஆரோ களவாய்த் தள்ளியிருக்கிறான். சொல்லு அம்மானுக்கு."

வியாழன் வரையாவது பேசாமல் இருக்கும்படி கெஞ்சினேன்.

"காணி விசயத்திலை பேசாமல் இருக்கிறவனும் கள்ளன்தான்."

பாதியை விழுங்கி ஜெர்மனில் சொன்னேன். ஒரு கிழவர் மண்வெட்டியுடன் வந்து, அண்ணை காலால் காட்டிய இடத்தில் வெட்டினார். முழங்கையளவு ஆழத்தில் சுட்ட மண் ஓடொன்று தெரிந்தது. கல் நடும்போது அடியில் மறைத்து வைக்கும் சாட்சி அது. கல்லின் சரியான இடம் அதுவே.

அம்மானின் காது சிவந்தது. தொப்பியைக் கழற்றினார். ஐப்பசியில் தன் டிராக்டர் இடித்துக் கல் விழுந்ததாம். வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல், குத்துமதிப்பாகத் தானே நட்டுவிட்டாராம். ஏழு மாதமாகச் சொந்த ஊர் நிலத்தை அடுத்த ஊருக்குக் கொடுத்து வந்தவர் ஊர்த் தலைவரே என்று ஊரார் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அம்மான் சிரிக்கவில்லை.

திரும்பி வந்ததும் விடுதி வாசலில் அண்ணை, "பரமேசுக்கு அறை போச்சு" என்றார். அடுத்த நாலு நாளில் மூன்று கோப்பை உடைந்தது.

வெள்ளி காலை அம்மானே குசினிக்குள் வந்தார். ஒரு சாவியை மேசையில் வைத்து ஏதோ சொன்னார். முகத்தில் சிரிப்பில்லை, மீசை மட்டும் துடித்தது. நான் மொழிபெயர்த்தேன்: அறை உங்களுக்குத்தான், ஒரே நிபந்தனை, முற்றத்தை அளக்கக் கூடாது.

சனியன்று கட்டில் ஏற்றிக்கொண்டு போனோம். கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தபடி நான் திரும்பினால், மறுமுனையில் அண்ணை இல்லை. முற்றத்து வேலியருகே நின்றார். இடது கண் மூடியிருந்தது.

"அளக்கேல்லை தம்பி," என்றார். "சும்மா பாக்கிறன்."